பிரபுக்கள் சபையில் நான் பேசிய பேச்சு

பௌரிங்பேட்டையைத் தாண்டி நான் போன ஊர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கடலைப் பார்த்ததில்லை. கப்பலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் லண்டன் பட்டணத்துப் பிரபுக்கள் சபையில் என் பேச்சு ஒலித்திருக்கிறது. அதைக் கேட்டு மற்றப் பிரபுக்கள் ஆமோதித்துக் குரல் கொடுத்தார்கள் என்று பத்திரிகையில் அச்சாகி வந்தது. இதைச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். (என் மனைவி உடனே, "முழுசாச் சொல்லுங்க, பாதியில நிறுத்திடாதீங்க" என்பாள். பாதியில் நிறுத்தியதுதான் கதையே என்பது அவளுக்குத் தெரியும்.) ஆகையால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். கர்த்தரிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது. மனுஷரிடம் சொல்வதுதான் இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தங்க வயலில் மின்சார விளக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்துநான்கு வயது. சுரங்க வாயிலில் இருந்த டைம் ஆபீசில் ரைட்டர் வேலை. ரைட்டர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஷிப்டுக்கு இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் போட்ட பித்தளைப் பில்லை ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஏறி வந்ததும் அதைத் திரும்ப வாங்கி ஆணியில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான். இதற்கு நான் கோட்டுப் போட்டுக்கொண்டு போவேன்.

மிஷன் பள்ளியில் மூன்றாம் ஃபாரம் வரை படித்திருந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஜெபத்திலிருந்து வந்தது. ஜெபத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று எங்கள் உபதேசியார் சொல்லிக்கொடுத்திருந்தார். முதலில் துதி, பிறகு நன்றி, கடைசியில்தான் விண்ணப்பம். எடுத்த எடுப்பில் கேட்பது பிச்சைக்காரன் வழக்கம் என்பார். நான் அதை லீவு லெட்டருக்கும் வைத்துக்கொண்டேன். ஹெட் கிளார்க்கு முதலியாருடைய கருணையையும் பொறுமையையும் ஒரு பக்கம் துதித்து, போன வருஷம் கொடுத்த லீவுக்கு நன்றி சொல்லி, அடுத்த பக்கத்தில் இரண்டு நாள் லீவு கேட்பேன். ஒருமுறை முதலியார் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம்பா" என்று சொல்லி ஃபைலில் வைத்துவிட்டார். நான் போகவேண்டிய கல்யாணம் நானில்லாமல் நடந்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

என்னை வளர்த்தவள் ஞானம்மா அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். அவள் புருஷன் யோசேப்பு மாமா கேஜிலிருந்து விழுந்து இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கேஜ் என்பது ஆட்களைப் பூமிக்குள் இறக்கும் இரும்புக் கூண்டு. அது இறங்குகிற செங்குத்துக் குழிதான் ஷாப்ட். எங்கள் ஷாப்டில் அதற்கு மூன்று பக்கம் அடைப்பு. நாலாவது பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு சங்கிலி மட்டும். ஆட்களை நெருக்கி ஏற்றுவார்கள். கூண்டு ஒரு குலுக்குக் குலுக்கினால் ஓரத்தில் நிற்பவனுக்குப் பிடித்துக்கொள்ளப் பக்கத்து ஆளின் தோள்தான். அன்றைக்கு மாமாவின் பில்லை திரும்பி வரவில்லை. காலியாக இருந்த ஆணியை முதலில் பார்த்தவன் நான்.

மாமாவின் இடத்தில் அவர் மகன் சாமுவேலுக்கு வேலை கொடுத்தார்கள். என்னைவிட நாலு வயது சின்னவன். அதே ஷாப்ட், அதே கேஜ். அக்கா அவனை வேலைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. கம்பெனி கொடுத்த தட்டி வீட்டில் குடியிருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. அவள் கேட்டதெல்லாம் ஒரு கதவு.

"கோழி அடைக்கிற கூண்டுக்கே ஒரு படல் வெக்கிறோம். இத்தினி ஆம்பளைங்க எறங்கற கூண்டுக்குக் கதவு இல்லியாடா?"

மேஸ்திரியிடம் கேட்டாள். அதெல்லாம் மேலே கேட்க வேண்டும் என்றார். என்னிடம் கேட்டாள். நானும் மேலே கேட்க வேண்டும் என்றேன். மேலே என்றால் யார் என்று அவள் கேட்டபோது, நான் கையைப் பொதுவாக ஆகாயத்தின் பக்கம் காட்டினேன்.

அப்படியிருக்கையில்தான் பிரபு வருகிறார் என்ற செய்தி வந்தது. சீமையில் பெரிய நிலக்காரர், கம்பெனியில் பங்குள்ளவர். முதலியார் என்னைக் கூப்பிட்டு, தொழிலாளிகள் சார்பில் ஓர் உபசாரப் பத்திரம் வாசிக்க வேண்டும் என்றார்.

"நீதான் நல்லா புகழுவியே. ஒரே தாள். அதுக்கு மேல வேணாம். எழுதி எங்கிட்ட காட்டிடு. இவர் யார் தெரியுமா? பிரபுக்கள் சபையில எழுந்து நின்னார்னா மந்திரிங்களே வாயை மூடிக்கிட்டுக் கேப்பாங்க."

அன்று சாயங்காலம் இதை அக்காவிடம் என் பெருமை கலந்து சொன்னேன். அவள் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது இன்னா சபை?"

"அங்க ரெண்டு சபைக்கா. கீழ்ச்சபைக்கு ஜனங்க ஆளைப் பொறுக்கி அனுப்புவாங்க. மேல்சபையில பிரபுங்க. அவங்க பொறப்பாலயே மெம்பருங்க."

"பொறந்ததுக்கே சபையா? வேலை இன்னா அங்க?"

"பேசறது."

"பேசறது மட்டுமா?"

"ஆமா. இவரு பேசினா அவரு பதில் பேசுவாரு. அப்பால எல்லாரும் சேந்து முடிவு பண்ணுவாங்க. அதான் சட்டம்."

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நம்ம கதவப் பத்திப் பேசட்டும். சும்மாத்தான கீறாரு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. மேலே, மேலே என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோமே, இதற்கு மேலே சபை இல்லை. அந்தச் சபையின் மனுஷர் எங்கள் ஷாப்ட் வாசலுக்கே வந்து நிற்கப்போகிறார்.

ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்து வந்து இங்கிலீஷில் எழுதினேன். முதல் தாளில் துதியும் நன்றியும். கம்பெனியின் நிழல், துரைமாரின் தயவு, ஆஸ்பத்திரி, மின்சார விளக்கு, இவற்றைக் கொண்டுவந்த பிரபுவின் வம்சம், எதையும் விடவில்லை. முதல் தாளின் கடைசி வாக்கியம் இப்படி இருந்தது: "உங்கள் பாதுகாப்பில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை." இரண்டாம் தாளின் முதல் வாக்கியம்: "ஆனால் பிரபுவே, ஒரே ஒரு குறை உண்டு." அதற்குக் கீழே கேஜ், சங்கிலி, விழுந்தவர்களின் பெயர்கள், கதவு. அதற்குக் கீழே, அந்தக் கேஜில் புருஷனைப் பறிகொடுத்த ஐந்து பெண்களின் பெருவிரல் ரேகை. விளக்குப் புகைக் கரியை எண்ணெயில் குழைத்து ஒவ்வொருத்தியாக வைத்தார்கள். அக்கா வைக்கும் முன்பு, "கதவுங்கற எழுத்து எதுடா?" என்று கேட்டாள். காட்டினேன். அதற்கு நேர் கீழே விரலை அழுத்தினாள்.

முதல் தாளை மட்டும் முதலியாரிடம் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாம் தாளை வாசிப்பின்போது பின்னால் வைத்துக்கொள்வது, நிறுத்தாமல் தொடர்ந்து வாசித்துவிடுவது, பிரபு காதால் கேட்ட பிறகு யார் என்ன செய்ய முடியும் என்பது என் திட்டம். இந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை. (இருபத்துநான்கு வயதில் தெரியாது. அதற்குத்தான் அந்த வயது.)

பிரபு வந்த அன்று ஷாப்டுக்கு எதிரே பந்தல் போட்டு மாவிலை கட்டியிருந்தார்கள். பூதிகோட்டையிலிருந்து கூடை கூடையாகச் சாமந்தி வந்தது. ஒரு பக்கம் துரைமாரும் அவர்கள் பாண்டும். எதிரே எங்கள் ஜனம் முன்னூறு, நானூறு பேர். முன்வரிசையில் எங்கள் திருச்சபையார், அவர்களுக்குப் பின்னால் அடுத்த லைன் வீடுகளில் இருந்த இந்துக்கள். அதில் முனுசாமி நின்றிருந்தான். வேலூர்ப் பக்கத்து ஆள், சாமுவேலோடு ஒரே ஷிப்டில் இறங்குகிறவன். அவன் இருக்கும் இடத்தில் யாரும் உம்மென்று இருக்க முடியாது.

என் கோட்டு பழசு என்று, உபதேசியாரிடம் இரவல் வாங்கிய கோட்டில் நான் வந்தேன். அவர் என்னைப்போல் இரண்டு ஆள்.

"ரைட்டரே," என்றான் முனுசாமி, எல்லாருக்கும் கேட்கும்படி, "கோட்டுக்குள்ள நீ கீறியா, இல்ல கோட்டு மட்டும் தனியா வந்துச்சா?"

"கீறேன், கீறேன். சும்மா நில்லு."

"கையத் தூக்கிக் காட்டு, நம்பறேன்."

தூக்கினேன். கை வெளியே வரவில்லை. ஜனம் சிரித்தது.

அக்காவும் மற்ற நாலு பெண்களும் ஓரமாக நின்றிருந்தார்கள். அக்கா அன்று வெளுத்த சேலை கட்டியிருந்தாள்.

பிரபு வந்தார். உயரம், வயசாளி, சிவந்த முகம். கெட்டவராகத் தெரியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு வலிக்காது. மாலை போட்டபோது குனிந்துகொடுத்தார். என் பெயரைக் கேட்டார். ஆசீர்வாதம் என்றேன். அவர் அதைத் திருப்பிச் சொல்ல மூன்று முறை முயன்று, மூன்று முறையும் தோற்று, சிரித்தார்.

வாசிக்கத் தொடங்கினேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. எனக்கு இங்கிலீஷில் பாராயணமாக வருவது ஜெபம் ஒன்றுதான் என்பதால், ராகமும் ஜெப ராகமாகவே வந்துவிட்டது. துதியில் ஏறினேன். நன்றியில் நின்று நிதானித்தேன். "ஒரு குறையும் இல்லை" என்பதைத் தழுதழுத்துச் சொன்னேன். அங்கே தாள் முடிந்தது. அடுத்த தாளைத் திருப்பவேண்டும். கோட்டுக் கைக்குள்ளிருந்து விரலை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அடுத்து வரப்போகிற வாக்கியத்தை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நிறுத்தி, ஒரு பெருமூச்சு விட்டேன்.

அந்தப் பெருமூச்சுதான் என் அழிவு.

எங்கள் சபையில் யார் ஜெபம் பண்ணினாலும் முடிவில் குரல் தழையும், தழுதழுக்கும், பிறகு ஒரு மூச்சு வரும். உடனே எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்லுவோம். கடைசி வரிசையில் காது கேட்காத கிழவர்கள்கூட அந்த மூச்சைப் பார்த்தே சரியாகச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு வாசித்தது இங்கிலீஷ். எங்கள் ஜனத்துக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் மூச்சு புரிந்தது.

"ஆமென்" என்றார்கள், நூறு பேர், ஒரே குரலாக.

பின்னால் நின்ற இந்து ஜனங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் மட்டும் எப்படிச் சும்மா நிற்பது? முனுசாமி இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, வயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தான். "கோவிந்தா..." மிச்சப்பேர், "கோவிந்தா" என்றார்கள். ஷாப்டுக்கு மேலே இருந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன.

எல்லாம் முடிந்தது என்று பாண்டுக்காரர்கள் நினைத்தார்கள். ராஜா வாழ்த்து முழங்கியது. துரைமார் தொப்பியைக் கழற்றினார்கள். பிரபுவும் எழுந்து விறைத்து நின்றார். நான் கையில் இரண்டாம் தாளோடு, வாயைத் திறந்தபடி நின்றேன். ராஜா வாழ்த்துக்கு நடுவே கேஜைப் பற்றிப் பேச முடியாது.

இதுவரை நடந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பல வருஷம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். இனிமேல் நடந்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது.

பாண்டு ஓய்ந்ததும் பிரபு என்னிடம் வந்து கையை நீட்டினார். முதல் தாளைக் கொடுத்தேன். அவர் கண் என் இன்னொரு கையைப் பார்த்தது. "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். கேட்டு, காத்திருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் முதலியார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முறைக்கவில்லை, அதட்டவில்லை. சும்மா பார்த்தார்.

"இல்லை பிரபு. வெறும் தாள்" என்றேன்.

வேதத்தில் கர்த்தரை மறுதலித்த சீஷனுக்குக் கூவியதுபோல் எனக்குக் கோழி ஏதும் கூவவில்லை. பிரபு தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் தாளை நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன்.

அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்க்கா."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

அவள் என் கன்னத்தைத் தடவினாள். அவள் பெருவிரல் நகத்தடியில் இன்னும் கரி இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா தினமும், "சபை கூடிடுச்சா?" என்று கேட்பாள். கப்பல் போகவேண்டும், பிரபு இறங்கவேண்டும், சபை கூடவேண்டும், நாளாகும் என்பேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். காலையில் சாமுவேல் பில்லை வாங்க என் ஜன்னலுக்கு வருவான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் கொடுப்பேன்.

சில மாதம் கழித்து முதலியார் ஒரு சென்னைப் பத்திரிகையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். "ஆசீர்வாதம், சபையில உன் பத்திரத்தைப் படிச்சிருக்கார். வார்த்தைக்கு வார்த்தை."

படித்தேன். என் வாக்கியங்கள் அச்சில் இருந்தன. அந்த நிமிஷம் எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். லண்டனில் என் இங்கிலீஷ். பெருமையில் அன்று சாப்பாடுகூட இறங்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும், யாரும் போகவேண்டாம் என்று சொல்லி, எல்லாரையும் உட்காரவைத்து, தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன்.

முதலில் யாரோ ஒரு கிழப் பிரபு எழுந்து, இந்தியாவின் தங்கச் சுரங்கங்களில் கூலிகள் பத்திரமாக இறங்கி ஏறுகிறார்களா, ஒரு விசாரணை வைக்கலாமா என்று கேட்டிருந்தார்.

"நல்ல மனுசன்" என்றது ஒரு குரல்.

உடனே எங்கள் பிரபு எழுந்தார். நான் போய்ப் பார்த்தவன், என் கண்ணால் பார்த்தவன் என்றார். அங்கே ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், சுரங்கத்தின் வாசலில், ஒரு சுதேசி வாலிபன் கண்ணீரோடு வாசித்ததை இந்தச் சபைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி, என் தாளை எடுத்து வாசித்தார். "உங்கள் பாதுகாப்பில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை." அந்த ஜனம் மதபேதம் இல்லாமல் ஒரே குரலாக அதை ஆமோதித்தது, தங்கள் தெய்வங்களின் பெயரால் ஆமோதித்தது, இதற்குமேல் என்ன விசாரணை வேண்டும் என்று கேட்டார். சபையில் ஆமோதிப்புக் குரல்கள். கிழப் பிரபு எழுந்து, தாம் திருப்தி அடைந்ததாகவும், தம் பிரேரணையைத் திரும்பப் பெறுவதாகவும் சொல்லி உட்கார்ந்தார்.

வாசித்து நிமிர்ந்தேன். ஜனத்துக்குச் சந்தோஷம். நம் ஊரைப் பற்றி அங்கே பேசினார்கள், நாம் ஆமென் சொன்னதைக்கூடச் சொன்னார்கள் என்று. பெண்கள் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அப்பால? கதவப் பத்தி?"

பத்திரிகையைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தில் கப்பல் விளம்பரம் இருந்தது. வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த வார்த்தைகள் என்ன செய்திருக்கின்றன என்பது எனக்குப் புரியவில்லை. அக்கா கேட்டதும்தான் புரிந்தது. கேட்க நினைத்த ஒரு மனுஷனை என் வாயால் உட்காரவைத்துவிட்டேன்.

"அது... அடுத்த பேப்பர்ல வரும்க்கா."

அக்கா என்னையே பார்த்தாள். "சரி" என்றாள். "வரட்டும்."

அடுத்த பேப்பர் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. மழைக்காலம் வந்தது. ஒரு நாள் மதிய ஷிப்ட் இறங்கும்போது கேஜ் ஒரு குலுக்குக் குலுக்கியது. ஓரத்தில் நின்றவன் முனுசாமி. பக்கத்தில் சாமுவேல். அவன் எட்டிப் பிடித்தான். முனுசாமியின் தோளில் கிடந்த துண்டு அவன் கையில் வந்தது. முனுசாமி வரவில்லை.

சாமுவேல் மேலே வந்து என் ஜன்னலில் தன் பில்லையைக் கொடுத்தபோது இன்னொரு கையில் அந்தத் துண்டு இருந்தது. "மாமா, முனுசாமி அண்ணனோட பில்லை அவருகிட்டயே கீது" என்றான்.

அடக்கம் முடிந்து வந்த சாயங்காலம் அக்காவின் வீட்டு வாசலில் நின்று, உள்ளே போகாமலே சொன்னேன். ரெண்டாவது தாளைக் கொடுக்கவில்லை. கேட்டார், வெறும் தாள் என்று சொல்லிவிட்டேன். பயந்துவிட்டேன்.

"தெரியும்டா" என்றாள் அக்கா.

"எப்படி?"

"உபதேசியாருக்குத் திருப்பறதுக்கு முன்னாடி கோட்ட நான்தான தொவச்சேன். பையில கெடந்துது. எழுத்து எனக்குத் தெரியாது. என் வெரலு எனக்குத் தெரியாதா?"

அவள் பெட்டியைத் திறந்து, சேலைக்கு அடியிலிருந்து தாளை எடுத்தாள். நாலாக மடித்தது மடித்தபடி இருந்தது. நான் அதைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து உள்ளூர நிம்மதியாக இருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

"ஏன்க்கா கேக்கல?"

"கேட்டனே. எல்லாரு முன்னாடியும் கேட்டேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." தாளை என் கையில் வைத்தாள். "நானும் தப்புதான் பண்ணிட்டேன். உன்ன அசிங்கப்படுத்த வேணாம்னு இருந்துட்டேன். பச்சையம்மா மூஞ்சிய எப்படிப் பாக்கறது இப்போ?"

பச்சையம்மா, முனுசாமியின் பெண்சாதி.

மறுநாள் காலை தாளை எடுத்துக்கொண்டு சுரங்க கேப்டனிடம் போனேன். ஷாப்டுக்கு நேரடிப் பொறுப்பு அவர்தான். அவர் ஆபீஸ் என் ஜன்னலிலிருந்து நாற்பது அடி தூரம். கோட்டுப் போடவில்லை. துதியும் சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. "ஆனால்" என்ற இடத்திலிருந்து வாசித்தேன். பெயர்களை வாசிக்கும்போது ஆறாவதாக முனுசாமியின் பெயரையும் சேர்த்தேன். கேப்டன் தாளை வாங்கி ஐந்து கைரேகையையும் வெகுநேரம் பார்த்தார். அவருக்குச் சுரங்கத் தமிழ் நன்றாக வரும்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

சொன்னேன்.

"இதை லண்டன் மனுசனுக்கா எழுதினே?"

"ஆமாங்க துரை."

"கொல்லனுக்கு அரை நாள் வேலை இது" என்றார். "எங்கிட்ட ஒருத்தன் கேக்கலே."

அவர் சொன்னது உண்மையா, முன்பே யாராவது கேட்டிருந்தால் செய்திருப்பாரா, தம் மனசாட்சிக்காகச் சொல்லிக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொல்லன் அன்று மதியமே வந்தான். அரை நாள்கூட ஆகவில்லை. இரும்புச் சட்டம், கம்பி வலை, ஒரு கொக்கி. சாயங்கால ஷிப்ட் அதை மூடிக்கொண்டு இறங்கியது. அக்கா வந்து நின்று பார்த்தாள். கொக்கி விழுகிற சத்தம் கேட்டதும் திரும்பி நடந்துவிட்டாள்.

முதலியார் என்னைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார். வேலை போகவில்லை. எதற்காக அவ்வளவு நடுங்கினேனோ அது நடக்கவேயில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜெபம் தலைகீழ். முதலில் கேட்பது, பிறகுதான் துதி. உபதேசியாருக்கு அது பிடிக்கவில்லை. கர்த்தர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வீட்டில் எனக்கு மேல்சபை மெம்பர் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஏதாவது எழுதவேண்டியிருந்தால், "மெம்பர் எழுதட்டும், கொண்டுபோய்க் குடுக்கறதுக்கு வேற ஆள் போங்க" என்பார்கள். அதற்கு நானும் சிரிப்பேன்.

பச்சையம்மாவிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. இரண்டு வருஷம் என் நிழலைக்கூடப் பார்க்கமாட்டாள். சாமுவேல் கல்யாணத்தில் பந்தி முடிந்து எல்லாரும் பாயில் சாய்ந்திருந்தபோது, யாரோ பிரபு கதையைச் சொல்லச் சொன்னார்கள். பச்சையம்மா இருப்பதைப் பார்த்து நான் மாட்டேன் என்றேன். அவள்தான் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லு ரைட்டரண்ணே. அவரு கத்தினாரே, அந்த எடத்த சொல்லு."

"வேணாம் பச்சையம்மா."

"படம் புடிச்சி வெச்சிக்கிற ஊடா எங்க ஊடு? அவரு மூஞ்சி, கொரலு எப்படி இருந்துச்சின்னு எனக்கே மறந்து மறந்து போவுது. உன் காதாண்டதான கத்தினாரு. சொல்லு."

சொன்னேன். இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, வயிற்றிலிருந்து எடுத்து, கோவிந்தா என்று கத்தினேன். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. பச்சையம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக் கல்யாணத்திலும், காதுகுத்திலும், ஞானஸ்நானத்திலும் இது தப்பவில்லை. நான் சபை மூப்பரான பிறகு எங்கள் பாதிரி ஐயர் ஒருமுறை தனியே கூப்பிட்டு, மூப்பர் கோவிந்தா போடுவது சரியா என்று கேட்டார். நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர், "சரி, கொஞ்சம் மெதுவா போடுங்க" என்றார்.

மெதுவாகவும் போட்டுப் பார்த்தேன். பச்சையம்மா ஒத்துக்கொள்வதில்லை. இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது அவளுக்கு; காதும் மந்தம். கையைக் காதோரம் வைத்துக்கொண்டு, "அவரு இப்படியா கத்தினாரு? இன்னொரு வாட்டி" என்பாள்.

கத்துகிறேன்.